வாசிக்க முடியாத தகடுகளும் வாசிக்க மறுப்பவர்களும்

சென்ற மாதம் நண்பர்கள் கூடிப் பேசிய ஓர் இலக்கியக் கூட்டத்தில், நாங்கள் மதிக்கும் மூத்த படைப்பாளி ஒருவர் எங்கள் தகரப் பெட்டியைப் பற்றித் தம் கருத்தைச் சொன்னார். பெட்டியில் இருப்பவை டிவிடிகள். பெரும்பாலானவை ஓடுவதில்லை. கூத்து ஓர் இரவுக்குரிய கலை, விடிந்தால் அது முடிந்தது, அதைத் தகட்டில் அடைத்ததே அதற்கு இழைத்த வன்முறை, ஆகவே தகடு செத்துப்போனதில் வருந்த ஒன்றுமில்லை, தூக்கி எறியுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கூட்டம் கைதட்டியது. தகடுகள் எங்களுடையவையாக இல்லாதிருந்தால் நாங்களும் தட்டியிருப்போம். கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது.

பெட்டியில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2005-க்கும் 2012-க்கும் இடையில் மணலூர்பேட்டையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எடுத்த பதிவுகள் அவை. திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்தாடுவதும் பழைய தென்னார்க்காட்டு மண்ணின் வழக்கம். அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவு இரவாக எடுத்திருக்கிறோம். தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இறங்கி வந்து எங்கள் ஊர்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொள்ளும் ஆற்றுத் திருவிழா சில தகடுகளில் இருக்கிறது. கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் பாடிய பாட்டுகள் இரண்டில். நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் பக்க வடிவமைப்புக் கோப்புகள் இன்னும் இரண்டில். உறைகளின்மேல் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று எழுதியிருக்கும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தகடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும். எங்களில் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த பெட்டிக்குள்ளும் நீர் புகுந்தது. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது தகடும் உறையும் சேறும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. உண்மையைச் சொல்வதானால் அவற்றில் பாதி வெள்ளத்துக்கு முன்பே ஓடாமல் போயிருந்தன. சேறு எங்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். வெள்ளம் வராதிருந்தால் அந்தப் பெட்டியை நாங்கள் திறந்திருக்கவே மாட்டோம் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறோம்.

இனி வாதத்துக்கு வருவோம். கூத்து கணத்துக்குரிய கலை என்று சொல்லும் பெரியவர், தம் சிறுகதையின் கைப்பிரதியை விடிந்ததும் கிழித்துப் போட்டவர் அல்லர். அவருடைய தொகுப்பு மூன்று பதிப்புகள் கண்டிருக்கிறது. மூன்றாம் பதிப்பின் முன்னுரையில், விடுபட்டுப்போன ஒரு கதையைத் தேடிக் கண்டெடுத்துச் சேர்த்த நண்பருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். தேட வேண்டியது தம் கதை. அழிய வேண்டியது கூத்தாடியின் பேச்சு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கணக்கில் அழிவின் அழகியலை வாரி வழங்குகிறார்கள். எழுதியவனின் ஒரு காற்புள்ளிகூடப் போய்விடக் கூடாது, ஆடியவனின் ஓர் இரவு முழுவதும் போனால் அது தத்துவம் என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு வரக்கூடிய மறுமொழியும் தெரிந்ததுதான். கூத்து நூல்கள் அச்சில் இருக்கின்றனவே, கதை எங்கும் போய்விடாதே என்பார்கள். விருத்தமும் தருவும் அச்சில் இருக்கின்றன. கட்டியங்காரன் அன்றிரவு என்ன பேசினான் என்பது எந்த அச்சிலும் இல்லை. அந்த ஆண்டு வறண்ட ஏரியைப் பற்றி, ஊராட்சித் தேர்தலில் தோற்றவரைப் பற்றி, முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கியவரைப் பற்றி அவன் துரியோதனனிடம் சொல்வதுதான் கூத்தின் உயிர் என்று கூத்து பார்த்த எவரும் சொல்வர். பாட்டைப் பத்து வாத்தியார்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பேச்சு அவனோடு போய்விடும்.

போயும்விட்டது. எங்கள் பதிவுகளில் கட்டியங்காரனாக வரும் கலைஞர் இப்போது இல்லை. அவருடைய மகன் அதே வேடம் கட்டுகிறார். தந்தை ஆடியதைச் சிறு வயதில் மடியில் தூங்கியபடி பார்த்தவர். வெள்ளம் வடிந்த சில வாரங்களில் அவர் எங்களைத் தேடி வந்து, ‘அப்பா பேசினது ஏதாவது இருக்குதுங்களாய்யா’ என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றோம். ‘இருக்குதுன்னா எப்படிங்க ஓடாது?’ என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் இலக்கியக் கூட்டத்தில் ஒருவரிடமும் விடை இல்லை. தேட வேண்டியிருந்தது.

தேடியதில் முதலில் தெரிந்தது எங்கள் அறியாமை. ‘தகடு கெட்டுவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொய். ஒரு டிவிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். அது 0.6 மில்லிமீட்டர் கொண்ட இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவல் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் எழுதும் தகட்டில் அந்த நடு அடுக்கில் ஒரு சாயம் பூசியிருப்பார்கள். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளிகளாக எழுதுகிறது. ஆகவே அடிப்பக்கத்துக் கீறல் என்பது கண்ணாடி உறை போட்ட படத்தின் கண்ணாடியில் விழுந்த கீறல். படம் உள்ளே அப்படியே இருக்கலாம். சேறும் கைரேகையும் பூஞ்சையும் அப்படித்தான். சாயம் வெளிறிப்போவதும், ஓரத்து ஒட்டு விட்டு ஈரம் உள்ளே புகுவதும் வேறு. அவை படத்தையே தின்பவை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ‘கெட்டுவிட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்கி எறிந்துவிடுகிறோம்.

தகட்டை வடிவமைத்தவர்கள் நம்மைவிட எச்சரிக்கையானவர்கள். டிவிடியில் 2,048 பைட்டுகள் கொண்டது ஒரு கூறு. பதினாறு கூறுகளைச் சேர்த்து ஒரு கட்டமாக்கி, கட்டத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே சரிபார்ப்பு எண்களைக் கூட்டி எழுதுகிறார்கள். இந்தக் கூடுதல் சுமை உள்ளடக்கத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ரீட், சாலமன் என்ற இருவர் 1960-இல் வெளியிட்ட கணிதம் இது. எழுத்துகள் சில சிதைந்தாலும் மிச்சமுள்ளவற்றைக் கொண்டு அவற்றைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். யாப்பறிந்த வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. எதுகையும் மோனையும் சீரும் தளையும் ஒரு பாட்டில் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. செல்லரித்த ஏட்டில் ஒரு சொல் போனால், போன சொல் எத்தனை அசை, எந்த எழுத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் ஊகிப்பது அந்தக் கூடுதல் கட்டுப்பாட்டைக் கொண்டுதான். வசனத்தில் அந்த வசதி இல்லை.

அப்படியானால் தகடு ஏன் ஓடுவதில்லை? கணினியில் நாம் வழக்கமாகச் செய்வது கோப்பைப் பிடித்து இழுத்து நகலெடுப்பது. ஒரு கிகாபைட் அளவுள்ள காணொளிக் கோப்பில் ஒரே ஒரு கூறு படிக்க வராவிட்டாலும் அந்த நகலெடுப்பு பிழை என்று சொல்லி நின்றுவிடும். அதுவரை எடுத்ததையும் பல நேரங்களில் தூக்கி எறிந்துவிடும். ஒரு சொல் சிதைந்த சுவடியை முழுவதும் அடுப்பில் போடுவது போன்ற காரியம் இது. இதைப் பார்த்துவிட்டுத்தான் செத்துவிட்டது என்று இறுதிச் சடங்குக்கு ஆள் அனுப்புகிறோம்.

அடுப்பு என்று சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதையர், பழுதுபட்ட ஏடுகளைச் சாத்திரப்படி ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் திகைத்து நின்றதை எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தையும் நாம் அறிவோம். அவர்களும் ஒரு தத்துவத்தோடுதான் செய்தார்கள். பழையதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெருப்பில் சேர்ப்பதே மரியாதை என்று நம்பினார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பொருமிய நம் தலைமுறை, தகட்டுக்கு அதே மரியாதையைச் செய்கிறது, நெய் மட்டும் இல்லாமல். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் தமிழ்ச் சூழலில் ‘பிரதி’ என்ற சொல் பட்ட பாடு வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிரதியின் மௌனம், பிரதியின் இடைவெளி, பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். யாரும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சேறு காயும் முன் தகடுகளைத் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருந்த உறைகளை நீருக்குள்ளேயே மெல்லப் பிரித்தோம். மென்மையான சோப்பு நீரில் அலசி, செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலரவிட்டோம். துடைக்கும்போது நடுத்துளையிலிருந்து ஓரம் நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளியைத்தான் மறைக்கும், அதைச் சரிபார்ப்பு எண்கள் ஈடுகட்டிவிடும். பாதையோடு ஓடும் கீறல் ஒரே கட்டத்தை முழுவதுமாக விழுங்கிவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் சட்டை நுனியால் வட்டமாகத்தான் இருபது ஆண்டுகளாகத் துடைத்துக்கொண்டிருந்தோம். பற்பசை தேய்த்தால் சரியாகும், வாழைப்பழத் தோல் தேய்த்தால் சரியாகும் என்று ஆலோசனை சொன்னவர்களுக்கு நன்றி. மேற்பரப்புக் கீறலுக்கு மெருகூட்டல் உதவக்கூடும்தான். ஆனால் அது எல்லாவற்றையும் முயன்று பார்த்த பிறகு கடைசியில் செய்ய வேண்டியது.

அதன்பின் கோப்பு கோப்பாக நகலெடுப்பதை விட்டுவிட்டு, தகட்டை முதல் கூறிலிருந்து கடைசிக் கூறு வரை அப்படியே பிம்பமாக எடுத்தோம். ஒரு தகட்டில் ஏறத்தாழ 23 லட்சம் கூறுகள். அதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. நாம் ஏடு படிக்கும் முறையில்தான் அது தகட்டைப் படிக்கிறது. தெளிவான இடங்களை முதலில் எடுத்துக்கொள்கிறது. தடுமாறும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகிறது. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்குகிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே தகட்டை நாளை வேறு டிரைவில் போட்டு, கிடைக்காதவற்றை மட்டும் கேட்கலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எங்களிடம் மூன்று டிரைவுகள் இருந்தன. புதிதாக வாங்கிய மெல்லிய ஒன்று, பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய கனத்த ஒன்று, இரவல் வாங்கிய ஒன்று. கழற்றிய கிழட்டு டிரைவ்தான் அதிகம் படித்தது.

இரண்டு தகடுகள் வெற்றுத் தகடுகள் என்று கணினி சாதித்தது. எழுதட்டுமா என்றுகூடக் கேட்டது. இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ சொல்லிவிடாதீர்கள். தகட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி வேறு நிறத்தில் ஒரு வளையமாகத் தெரியும். எங்கள் இரண்டிலும் வளையம் பளிச்சென்று தெரிந்தது. பதிவு செய்த கருவியில் கடைசியாக ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அதாவது நூல் முழுவதும் எழுதிவிட்டுப் பொருளடக்கம் எழுதவில்லை. பொருளடக்கம் இல்லாததால் கணினிக்கு நூலே இல்லை. இத்தகைய தகடுகளைப் படிப்பதற்கென்றே ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கல்வராயன் மலைப் பாட்டுகள் அப்படித்தான் திரும்ப வந்தன. ஒரு பொத்தானை அழுத்த மறந்ததால் பதினாறு ஆண்டுகள் அவை இல்லாதவையாக இருந்தன.

இனி சொல்லப்போவது எங்களுக்கே வியப்பளித்தது. டிவிடியில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகிறது. கை படுவதும் ஈரம் புகுவதும் ஓரத்தில். மலிவான தகட்டில் எழுதும் தரம் குறைவதும் ஓரத்தில். ஆகவே ஒவ்வொரு தகட்டிலும் முதலில் அழிவது முடிவு. விடிய விடிய நடக்கும் கூத்தை இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு தகட்டில் எழுதியிருக்கிறோம். நான்கிலும் கடைசிக் கால் மணி நேரம்தான் காயம்பட்டிருந்தது. பதினெட்டாம் போரில் துரியோதனன் நீருக்குள் ஒளிந்திருக்க, கட்டியங்காரன் கரையில் நின்று பேசும் இடம் மூன்றாம் தகட்டின் ஓரத்தில் வந்தது. மகன் கேட்டு வந்த பேச்சு அது. மூன்று டிரைவும் மாற்றி மாற்றிப் படித்தும் அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

அப்போது நினைவுக்கு வந்தது, அந்த இரவின் தகடுகளைப் படப்பிடிப்புக்காரர் ஐந்தாறு செட் போட்டு ஊர்க்காரர்களுக்கு விற்றார் என்பது. விசாரித்ததில் கோயில் தர்மகர்த்தா வீட்டில் சாமி படங்களுக்குப் பின்னால் ஒரு செட் கிடைத்தது. அதுவும் ஓடவில்லை. ஆனால் அதன் காயங்கள் வேறு இடத்தில் இருந்தன. ஒரே பிம்பத்திலிருந்து எழுதிய இரண்டு தகடுகள் என்றால், ஒன்றில் படிக்க வராத கூறை மற்றொன்றிலிருந்து அதே எண்ணில் எடுத்துப் பொருத்திவிடலாம். பாடபேதம் பார்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. அவர்களுக்கிருந்த அதே எச்சரிக்கையும் இங்கே வேண்டும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையா என்று பார்க்காமல் கலந்தால் இரண்டும் கெடும். தர்மகர்த்தா வீட்டுத் தகடு மூன்றாம் தகட்டின் ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. முழுவதும் அடைக்கவில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் போன பகுதி இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் நின்றது.

இந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இளைய நண்பர் ஒருவர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முன்னும் பின்னும் உள்ள குரலைக் கற்பித்து அந்த இடத்தை நிரப்பிவிடலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்றார். பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்பதுதான் எங்கள் எதிர்ப்பு. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. இல்லை என்பதை இல்லை என்றே அச்சிட்டார்கள்; சிதைந்த அடிகளில் புள்ளி வைத்தார்கள். செய்யுள் இயற்றத் தெரியாதவர்களா அவர்கள்? இரண்டு பாட்டு எழுதிச் செருகியிருந்தால் இன்று நமக்கு எந்தப் பாட்டின்மீதும் நம்பிக்கை இருந்திருக்காது. அந்த இடத்தில் திரை கறுப்பாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மகனிடம் காட்டியபோது, கறுப்புத் திரை வந்ததும் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று எங்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டார். ‘அது வருஷத்துக்கு வருஷம் வேறங்க’ என்றார்.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோதும், 2014-இல் ஆர்க்குட் மூடப்பட்டபோதும் நாம் அங்கே எழுதியவை எங்கே போயின என்று தங்களைக் கேட்டுக்கொண்டால் போதும். பிறர் வீட்டுத் திண்ணை திண்ணைதான். படுக்கலாம், பட்டா கேட்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கல்லும் ஓலையும் தாளுமே நிலைக்கும், மின்னணுவெல்லாம் மாயை என்று இவர்கள் சொல்வார்கள். இவர்களுக்கு வசதியான கதை ஒன்று உண்டு. பிபிசி 1986-இல் பெருஞ்செலவில் லேசர் தகட்டில் வெளியிட்ட டூம்ஸ்டே திட்டம் பதினைந்து ஆண்டுகளில் படிக்க ஆளற்றுப் போயிற்று. 1086-இன் மூல ஏடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கதை உண்மைதான். ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த லேசர் தகடும் 2002 வாக்கில் மீட்கப்பட்டது, சிலர் உட்கார்ந்து உழைத்ததால். எங்கள் பக்கத்து ஜம்பையில் அதியமான் பெயர் பொறித்த தமிழி கல்வெட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நின்று 1981-இல் கண்டறியப்பட்டது. பெருமைதான். கல் உடைக்கும் குவாரிகளில் ஜல்லியாகிப் போன கல்வெட்டுகளின் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள்? நின்றதை மட்டும் எண்ணிவிட்டுக் கல் நிலைக்கும் என்கிறோம்.

எங்கள் கோபத்தில் பெரும்பங்கு இந்த இரு சாராருக்கும் உரியதன்று. ‘மின்னாக்கம் செய்துவிட்டோம்’ என்று அறிக்கை கொடுத்துவிட்டு, தகட்டை உறையிலிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அடுத்த அதிகாரிக்கு ஒப்படைத்துப் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு உரியது. நாங்கள் பார்த்த ஓர் அலமாரியில் (எந்த அலமாரி என்பது வேண்டாம்) நூற்றுக்கணக்கான தகடுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பசைத்தாளில் எண். ஒருவராவது அவற்றைத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகப் பதிவேட்டில் குறிப்பு இல்லை. தகட்டின்மேல் பசைத்தாள் ஒட்டாதீர்கள், குளிர்ந்த உலர்ந்த இருண்ட இடத்தில் நிறுத்தி வையுங்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2003-லேயே கையேடு போட்டது. நம்மிடம் எல்லாம் ஒட்டி, படுக்கவைத்து, சன்னலோரத்தில் இருக்கின்றன. ஆலையில் அச்சிட்ட தகடுகளே தப்புவதில்லை. 2006 முதல் 2008 வரை தயாரித்த தன் டிவிடிகளில் சில பழுதாகின்றன என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டது. இருபது ரூபாய்க்கு வாங்கிச் சாயத்தில் சுட்டெழுதிய நம் தகடுகள் எந்த மூலைக்கு?

சிறுபத்திரிகைக் கோப்புகளின் கதை தனி. அந்த இரண்டு தகடுகளும் ஒரு கூறுகூட விடாமல் முழுமையாக வந்தன. மகிழ்ச்சியோடு திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம். பேஜ்மேக்கரில், அன்றைய அச்சகத்தின் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாமல் அது தமிழே இல்லை. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இணையத்தில் திஸ்கி இருந்தது. அச்சகங்கள் எதையும் சட்டை செய்யாமல் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டன. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றபோது பழைய கோப்புகளை யார் மாற்றுவது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டதால்தான் அவை இன்று படிக்கக் கிடைக்கின்றன. நாங்கள் அச்சான ஓர் இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, ஓர் இதழை மாற்றி முடித்திருக்கிறோம். அச்சிதழ் ஒன்றுமட்டும் கையில் இல்லாதிருந்தால், முழுமையாக மீண்ட அந்தத் தகடு முழுமையாக வாசிக்க முடியாததாகவே இருந்திருக்கும்.

எதை மீட்பது, எதை விடுவது என்று கேட்கிறார்கள். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது அது ஊர் கண்ணுக்குக் குப்பை. இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகாமல் தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எவரும் எழுத முடியாது. எது குப்பை என்று தீர்மானிக்கும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியது. ஒரு கல்யாண வீடியோவின் ஓரத்தில் பந்தலுக்கு வெளியே ஓடும் ஆறு, மணல் அள்ளப்படுவதற்கு முந்தைய ஆறாக இருக்கலாம்.

நேரம் அதிகமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வரும் மடிக்கணினிகளில் தகடு போடும் வாயே இல்லை. 2025 பிப்ரவரியோடு சோனி எழுதக்கூடிய புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. டிரைவ்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தகட்டில் எழுத்து இருந்தும் படிக்கக் கண் இல்லாத காலம் வரும்.

நாற்பத்தொரு தகடுகளில் இதுவரை இருபத்தாறைப் படித்திருக்கிறோம். பிம்பங்கள் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளில், மூன்று வீடுகளில் இருக்கின்றன. ஒன்று ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில். எந்தத் தகட்டில் எந்த நிமிடம் போயிற்று என்ற பட்டியலும் உடன் இருக்கிறது. படித்து முடித்த தகடுகளையும் எறியவில்லை. நாளைக்கு நல்ல டிரைவ் கிடைக்கலாம். மணலூர்பேட்டையைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் பாரதக் கூத்துத் தகடு வைத்திருப்பவர்கள், அது ஓடாவிட்டாலும், பாதி உடைந்திருந்தாலும், துடைக்காமல் அப்படியே எங்களிடம் கொடுத்தால் பிம்பம் எடுத்துக்கொண்டு தகட்டைத் திருப்பித் தருகிறோம். குறிப்பாக, தர்மகர்த்தா வீட்டில் கிடைத்த அதே இரவின் மூன்றாம் தகடு இன்னும் மூன்று நான்கு வீடுகளில் இருக்க வேண்டும். உறையில் பச்சை மையால் ‘ப.போர் 3’ என்று எழுதியிருக்கும்.